கேமராவை ஆன் செய்யவும்

கேள்வியைத் தொடங்கும் முன் திரையில் இருந்த பேராசிரியர் தன் இடப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பக்கத்தில் மேலிடத்து ஆள் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று நகரமைப்பு அலுவலருக்குத் தோன்றியது.

மைக்கை அணைத்துவிட்டு, உதடு அசையாமல் பேசினார்.

"யாரோ கூட இருக்காங்க. செத்தேன்."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். முதல்ல அந்தத் திருட்டு முழியை நிறுத்துங்க," என்றாள் மனைவி. அவள் மடிக்கணினிக்குப் பின்னால், கேமராவுக்குப் படாத இடத்தில், மகளின் வெள்ளைப் பலகையும் மார்க்கருமாக உட்கார்ந்திருந்தாள்.

நகரமைப்புத் துறையில் இருப்பவர்கள் இந்தப் புத்தாக்கப் பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போட முடியாது. அலுவலரின் நாற்காலி மீது அவருடைய ஜூனியர் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருந்தான்.

வகுப்புகள் எல்லாம் இணையத்தில்தான் நடந்தன. "நீ கொஞ்சம் கேட்டுட்டு இரு, இதோ வந்துடறேன்" என்று முதல் வகுப்பில் மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனவர், கடைசி வகுப்பு வரை வரவில்லை. அவர் பெயரில் அவள் எழுதி அனுப்பிய பதில்களுக்கு நல்ல மதிப்பெண் வந்துகொண்டே இருந்தது. வாய்மொழித் தேர்வுக்குக் கேமரா ஆனில் இருக்க வேண்டும் என்று நேற்றுதான் தெரிந்தது.

அதனால் இன்று அவர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும், கீழே அரை டிரவுசருமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் பேராசிரியர். "சந்தைக்குப் போற ரோட்டுல நடைபாதை இருக்கு. ஆனா ஜனங்க அதுல நடக்காம ரோட்டுலதான் நடக்கிறாங்க. ஏன்?"

இதற்கு அலுவலரிடம் சொந்தப் பதில் ஒன்று இருந்தது. மைக்கைத் திறந்தார்.

"திமிரு சார்."

மேஜைக்கு அடியில் அவர் காலில் ஓர் உதை விழுந்தது. பலகை உயர்ந்தது. அவர் கேமராவுக்குச் சற்று மேலே பார்த்து வாசித்தார்.

"ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நடைபாதை இறங்கி ஏறுது சார். இடுப்புல குழந்தையும் கையில பையுமா இறங்கி ஏறினா முட்டி போயிடும். எனக்கே போயிடுச்சு."

"உங்களுக்கா? குழந்தையை நீங்களா தூக்கிட்டுப் போவீங்க?"

"எப்பவும் நான்தான் சார்."

மனைவி கூரையைப் பார்த்தாள்.

பேராசிரியர் மறுபடியும் இடப்பக்கம் திரும்பினார். மதிப்பெண் போடுகிறார்கள் என்று அலுவலர் நினைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ரோட்டுல பஸ் ஸ்டாப்பை எங்க வைப்பீங்க?"

பலகை உடனே உயர்ந்தது. "ராத்திரி கடைசியா சாத்துற கடைக்கு எதிர்ல வைப்பேன் சார். வெளிச்சம் இருக்கும். கூப்பிட்டா எட்டிப் பாக்க ஒரு ஆளும் இருக்கும்."

"புத்தகத்துல அப்படி இல்லையே?"

"புத்தகம் எழுதினவர் ராத்திரி தனியா பஸ்ஸுக்கு நின்னிருக்க மாட்டார் சார்."

வாசித்து முடித்த பிறகுதான் அலுவலருக்கு உறைத்தது. ஆனால் பேராசிரியர் கோபப்படவில்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தலையாட்டினார்.

"கடைசிக் கேள்வி. இந்தப் பயிற்சியில நீங்க கத்துக்கிட்டது என்ன?"

பலகை உயரவில்லை. மனைவி மார்க்கரைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அலுவலர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். காலியான டம்ளரை எடுத்து மறுபடியும் குடித்தார்.

ஒருவழியாகப் பலகை வந்தது. அவசரத்தில் அப்படியே வாசித்தார்.

"இதையாவது நீங்களே சொல்லுங்க."



"நானா?" என்றார் பேராசிரியர். அவர் நெற்றியில் வியர்வை பளபளத்தது. "அது வந்து சார்... நான் என்ன சொல்றது..." இடப்பக்கம் பார்த்தார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். கைகளைக் கூப்பாத குறை.

"போச்சு. எல்லாம் போச்சு," என்றார் அலுவலர். "நாளைக்கே அவன் என் நாற்காலியைத் துடைச்சு உக்காந்துடுவான்."

"நான் எழுதினா அப்படியே ஒப்பிச்சுடுவீங்களா? அது உங்களுக்குச் சொன்னதுங்க!"

"எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நேரம் எல்லாத்தையும் வாசிக்கத்தானே சொன்னே!"

"மெதுவா. மைக்கை அணைச்சிருக்கீங்கல்ல?"

அலுவலர் குனிந்து பார்த்தார். அணைக்கவில்லை.

திரையில் பேராசிரியர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்தார்.

"பாஸ் போட்டாச்சு சார்."

அலுவலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்க அவசரமாக விரலை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் பேராசிரியர், குரலைத் தாழ்த்தி. "பதில் எழுதினவங்களைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க. கேள்வி எழுதின என் சம்சாரம், அவங்களைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."