அம்மாவுக்கான நாற்காலி

"அம்மா அந்த நாற்காலியில உக்காருங்க" என்றது சுவரிலிருந்த ஒலிபெருக்கி.

அறையில் பெண்கள் இருவர். நாற்காலி ஒன்று.

குழந்தை சுகந்தியின் இடுப்பில் இருந்தான். அவள் முந்தானை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மற்றவளுக்குச் சுகந்தி நாத்தனார். குழந்தை அந்த மற்றவள் பெற்ற பிள்ளை.

எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. இந்தப் பக்கம் முகம் பார்க்கலாம். அந்தப் பக்கம் அது ஜன்னல். அங்கே குழந்தை வளர்ச்சி முதுகலை வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு மட்டும் பாடம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியையின் கையில் மைக்.

பெற்றவளும் அந்த வகுப்பு மாணவிதான்.

வருகிறேன் என்ற ஒரு தாய் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். பேராசிரியை உதட்டைப் பிதுக்கினார். உடனே இவள்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தாள். "ஒரு வயசுக் குழந்தை ஒண்ணு ஹாஸ்டல்ல இருக்கு மேடம். கூட்டிட்டு வரேன்."

என் பையன் என்று சொல்லவில்லை.

வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். எப்படி மனசு வந்தது என்று கேட்பார்கள். இன்று ஊரிலிருந்து சுகந்தி அவனைக் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றால் போதும், எல்லோருக்கும் தானே தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அப்படி ஓர் ஆசை.

விடுதியில் கை நீட்டினாள்.

அவன் வரவில்லை.

காலையிலிருந்து அவனைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தாள். படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா? பெயர் சொன்னால் திரும்பினான். காக்கையைக் கை காட்டினான். காட்டிவிட்டு, சுகந்தி பார்க்கிறாளா என்று பார்த்தான். எல்லாம் வயதுக்குத் தக்கபடி இருந்தது. ஒரு குறையும் இல்லை.

அவளிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா, உக்காருங்க" என்றது ஒலிபெருக்கி மறுபடியும்.

சுகந்தி அவளைப் பார்த்தாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

இந்தச் சோதனை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மா அறையை விட்டுப் போவாள், குழந்தை அழும். அந்நியர் ஒருவர் சமாதானப்படுத்திப் பார்ப்பார். அம்மா திரும்பி வந்ததும் குழந்தை அவளிடம் ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடவில்லை என்றால் குழந்தையின் பெயருக்கு எதிரே 'பாதுகாப்பற்ற பிணைப்பு' என்று எழுதுவார்கள்.

அவளே எழுதியிருக்கிறாள், மற்றவர்கள் பிள்ளைகளுக்கு. எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் ஓடி வரமாட்டான்.

"அந்நியரா யார் வர்றீங்க?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

"நான் வரேன் மேடம்" என்றாள்.

சுகந்தியின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். சுகந்தி வாய் திறக்கப் போனாள். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு, புதிதாக வருகிறவள் போல உள்ளே வந்தாள். பந்தை உருட்டினாள். அவன் பந்தை எடுத்துச் சுகந்தியிடம் கொடுத்தான்.

மைக் சொன்னபடி சுகந்தி எழுந்து போனாள்.

அவன் கதவைப் பார்த்தான். உதடு கோணியது. பிறகு வீறிட்டான்.

அவள் தூக்கினாள். முதுகை வில்லாய் வளைத்துத் திமிறினான். உதைத்தான். என்ன பாட்டுப் பாடுவது என்று தெரியவில்லை. அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, வெறுமனே நடந்தாள்.

அழுகை நின்றது.

அவள் கழுத்தில் மூக்கு வைத்திருந்தான். சூடான மூச்சு பட்டது. சின்னக் கை அவள் காதைப் பிடித்துக்கொண்டது. இவன் இப்போது அந்நியரிடம் அடங்கிவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ எழுதுவார்கள். எழுதிக்கொள்ளட்டும். அடங்கிவிடு சாமி என்று மனத்துக்குள் கெஞ்சினாள்.

அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான்.

முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தான்.

கதவு திறந்தது. அவள் இறக்கிவிட்டதும், தத்தித் தத்தி ஓடிப் போய்ச் சுகந்தியின் காலைக் கட்டிக்கொண்டான். சுகந்தி தூக்கினாள். விசும்பல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பந்தைக் காட்டிச் சிரித்தான்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது பெற்றவளுக்கு. பயந்தது எதுவும் நடக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். கால் மட்டும் அங்கிருந்து நகரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் போய்ச் சேர்ந்தபோது பேராசிரியை வகுப்பிடம் பேசிக்கொண்டிருந்தார். "எவ்வளவு அழகான பிணைப்பு, பாத்தீங்களா? பாடப் புத்தகத்துலகூட இப்படிக் கிடைக்காது. அந்த அம்மாவை நான் பாராட்டினதாச் சொல்லணும்."

பிறகு இவளைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்களும் நல்லாத்தான் பண்ணினீங்க. ஒரே ஒரு தப்பு. அம்மா வந்த உடனே அந்நியர் வெளியே வந்துடணும். நீங்க அங்கேயே நின்னுட்டு இருந்தீங்க."

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"சரி மேடம்" என்றாள் அவள். "இனிமே நிக்க மாட்டேன்."