தகரத்தின்மேல் கற்கள்

"புயல் வந்தா கடையில மொதல்ல எதைக் காப்பாத்துவே?" என்று ஒருமுறை டீச்சர் என்னைக் கேட்டார். கூரையை என்றேன். இப்போது அப்பா அந்தக் கூரைமேல்தான் நிற்கிறார். கடல் ஈயநிறத்தில் அசையாமல் கிடக்கிறது. எங்கள் ரொட்டிக்கடையின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. மாவு மூட்டைகள் மேசைமேல் ஏறிவிட்டன. இருட்டுவதற்குள் புயல் வந்துவிடும் என்கிறது எங்கள் தீவின் தலைநகரான ரொசோவின் வானொலி. அப்பா தகரத்தின்மேல் கான்கிரீட் கற்களை அடுக்குகிறார். கல் உட்காரும்போதெல்லாம் கடை முழுக்க அதிர்கிறது. கீழே, எங்கள் சுவரை ஒட்டிய வீட்டு வாசலில், வெர்லின் அக்கா கைக்குழந்தையோடு நிற்கிறாள்.

"இக்னேஷியஸ் அண்ணே, கல்லு வேணாம். காத்து தூக்குச்சுன்னா அது எங்க வீட்டுமேலதான் விழும். இரும்புப் பட்டை வச்சு அடிங்க."

"பட்டை எங்கயும் கிடைக்கல. உன் சடையை அவுத்துக் குடு, அதால கட்டறேன்." அப்பா சிரிக்கிறார்.

அவள் சிரிக்கவில்லை. "போன புயல்ல அந்தப்பக்கத்து மார்சலின் வீட்டுச் சுவத்தை உடைச்சது யாரு வச்ச கல்லு?"

"கூரை போனா மாவு போச்சு. அப்புறம் உனக்கும் ரொட்டி கிடையாது, தாயே."

அப்பா குனிந்து அடுத்த கல்லுக்குக் கை நீட்டுகிறார். ஏணியில் நிற்கும் என் கையில்தான் அது இருக்கிறது. வெர்லின் அக்கா இப்போது என்னைப் பார்க்கிறாள். கல்லின் சொரசொரப்பு விரல்களில் அழுந்துகிறது. நான் அதை மேலே தூக்கிக் கொடுக்கிறேன். அவள் குழந்தையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வாசல் தணலில் வெந்துகொண்டிருக்கும் சீமைப்பலாக்காயைக்கூட எடுக்காமல், புயலுக்கு ஊர் ஒதுங்கும் மாதா கோயில் மேட்டை நோக்கி நடக்கிறாள்.