கூட வந்தவள்

தம்பி என் துப்பட்டா நுனியில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கண்கள் சுருங்கியிருக்கின்றன. மனநல ஆலோசகர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே அவனைக் கேட்கிறார்: “செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?” என்னை வெளியே உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை; எழுந்துபோக எனக்கும் தோன்றவில்லை. தம்பி என்னைப் பார்க்கிறான். “அப்படியெல்லாம் எதுவும் இல்லீங்க, தூக்கம்தான் வரல,” என்கிறேன் நான். “எனக்குப் பசிக்குதான்னுகூட அக்காவத்தான் கேக்கணும்,” என்று அவன் சிரிக்கிறான். ஆலோசகரும் சிரிக்கிறார். ‘இல்லை’ என்ற கட்டத்தில் அவர் பேனா கீறுகிறது. ஐந்தாம் நாள் தம்பி உயிரை மாய்த்துக்கொண்டான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டதாகச் சொல்லி, விசாரணையில் ஆலோசகர் அந்தப் படிவத்தை நீட்டினார். பதில் சொன்னவர் என்ற இடத்தில் இன்றும் தம்பியின் பெயர்தான் இருக்கிறது.