வெறுந்தொட்டில்

பழைய ஓட்டு வீட்டின் பரணில் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சினைப் பரப்ப வந்திருந்த சவரிமுத்து, அங்கே கிடந்த மரத்தொட்டிலைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினான்.

"இனிமே வெயிலு கதவத் தட்டிக்கிட்டுத்தான் உள்ள வரும்மா!"

சிரித்தவாறே அவன் கயிற்றைத் தளர்த்தியபோது தொட்டில் அந்தரத்தில் ஆடிற்று. கீழே நின்ற அமிர்தவல்லியம்மாள் அதனை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார்.

"வெறுந்தொட்டில ஆட்டாத தம்பி. பிள்ளைக்கு வயிறு வலிக்கும்."

"எந்தப் பிள்ளைக்கும்மா?"

அத்தொட்டிலில் சில நாள்களே உறங்கிய அமிர்தவல்லியம்மாளின் மகள் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

"விடு வல்லி, விறகுக்காவது ஆகட்டும்" என்றார் அவருடைய கணவர் மாசிலாமணி, எங்கோ பார்த்தபடி.

பிடி தளரவில்லை. இறங்கி வந்த சவரிமுத்து, எஞ்சியிருந்த பஞ்சுச் சுருள் ஒன்றைத் தொட்டிலுக்குள் கிடத்தினான்.

"இப்ப வெறுந்தொட்டில் இல்லம்மா. கைய எடுங்க, என் வண்டியில ஏத்திக்கிறேன்."

அமிர்தவல்லியம்மாள் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து அச்சுருளின்மேல் வைத்தார். பின்னர் மெல்லத் தட்டலானார்.

"ஐயோ, அதத் தொடாதீங்கம்மா! கையெல்லாம் அரிக்கும்!"

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

"சத்தம் போடாத தம்பி" என்றார்.