சாமையில் விழுந்த சிப்

மலைச் சாலையோரம் காயப்போட்ட சாமையின்மேல் மணிவேல் முழங்கால் போட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான். எதிரே செல்போன் கடை நதியாவும் குனிந்து தானியத்தை அலசுகிறாள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவனுடைய பழைய காரின் ரிமோட் சாவி இரண்டாகப் பிளந்துவிட்டது. நதியா அதை வேறு கூட்டுக்கு மாற்றும்போது உள்ளிருந்த சிப் தெறித்து இதற்குள் விழுந்துவிட்டது. அரிசியளவு கண்ணாடிக் குழல்தான் அது. சாய்ந்த வெயிலில் சாமை மணி ஒவ்வொன்றும் கண்ணாடியாய் மின்னுகிறது.

"அது இல்லாம வண்டி எடுக்காதாம்மா?"

"சாவி திரும்பும்ணா. இன்ஜின் கெளம்பாது." நதியா தலை நிமிராமல் துழாவுகிறாள்.

பின்சீட்டில் அவன் மனைவி செல்லி சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு காற்றுக்குத் தவிக்கிறாள். உதடு நீலம் பாரித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் இன்னும் அடிவாரத்துக்கே வந்து சேரவில்லையாம்.

"இன்னா மாமா... கெடைக்கலியா?"

அவன் எழுந்து ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்கிறான்.

"நதியா, பின்னாடி இருந்து தள்ளும்மா. எறக்கந்தானே, உருட்டிக்கினே போய் ஆம்புலன்ஸ புடிச்சிட்றேன்."

"இன்ஜின் ஓடலன்னா பிரேக் கல்லாட்டம் இருக்கும், வேணாண்ணா!" சொல்லிக்கொண்டே அவள் தோள்கொடுத்துத் தள்ளுகிறாள். கார் சாமையை நசுக்கிக்கொண்டு நகர்ந்து, முதல் வளைவிலேயே வேகம் பிடிக்கிறது. மணிவேல் இரண்டு கால்களையும் பிரேக்கில் ஊன்றியிருக்கிறான். இன்ஜின் சத்தமில்லாத வண்டிக்குள் செல்லி இழுக்கும் மூச்சு ஒவ்வொன்றும் கேட்கிறது. அடுத்த மூச்சுக்குக் காது கொடுத்தபடியே அவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிறான்.