புழுதி எழாத மேடு

"இதுவும் படலை" என்றான், தொலைநோக்கியில் கண் வைத்திருந்த கணவன். "உன் பலகை புதுசு மாதிரி நிக்குது."

பாயில் குப்புறப் படுத்திருந்த அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கனத்த துப்பாக்கி, சுடும்போதெல்லாம் தோளைப் பெயர்த்து எடுத்தது. தேசிய அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்கு இன்றுதான் கடைசித் தேர்வு.

"தோட்டாவுல வெடிமருந்து நிறுத்துப் போட்டது நீங்கதானே? டிவி பார்த்துக்கிட்டே போட்டீங்களா?"

"எதுக்கெடுத்தாலும் நான்தான் கிடைச்சேனா? மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுப் போட்டேன்மா."

ஒரு கிலோமீட்டர் தள்ளி, வரிசையாக நின்ற பலகைகள் கானலில் நெளிந்தன. குண்டு எங்கே போய் விழுகிறது என்று தெரிந்தால்தானே குறியைத் திருத்த முடியும்? அவள் பலகைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் துளிப் புழுதிகூட எழவில்லை.

மறுபடி சுட்டாள்.

"ம்ஹூம்."

பக்கத்துப் பாயில் நாத்தனார், காற்றுக் கொடியைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தாள். இவளைச் சுற்றிக் காலித் தோட்டாக்கள் இறைந்து கிடக்க, நாத்தனாரின் பாய் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சமையலறையிலும் அவள் அப்படித்தான். அதுவேறு இவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"தங்கச்சி பலகையைப் பாரு!" கணவனால் அடக்க முடியவில்லை. "பட்டதெல்லாம் நட்டநடுவுல. ஒரு தட்டை வெச்சு மூடிடலாம்."

"அப்போ அங்கேயே போய்த் தொலைநோக்கியைப் பிடிங்க."

கடைசித் தோட்டாவைப் போட்டாள். மூச்சை நிறுத்தினாள். விசையை நோகாமல் இழுத்தாள். இதைவிடச் சுத்தமாக அவள் வாழ்நாளில் சுட்டதில்லை.

கணவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து உதட்டைப் பிதுக்கினான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பிதுக்கலுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியும்.

துப்பாக்கியைக் கீழே வைத்தாள். பக்கத்துப் பாயின் பக்கம் திரும்பினாள். நாத்தனாரின் தோளைத் தட்டினாள்.

"இடம் உனக்குத்தான்டி. இந்தக் காத்துல எப்படி அப்படிச் சுட்டே?"

நாத்தனார் காதடைப்பை விலக்கிக்கொண்டு விழித்தாள்.

"நானா? காத்து அடங்கட்டும்னு இன்னும் ஒண்ணுகூடச் சுடலையே, அண்ணி!"