தெருவைத் தாண்டாத கேரவன்

“ஏலே தளவாய், சன்னல் எவ்வளவு பெருசா இருக்கு! கர்ட்டனை ஏம்ல கைக்குட்டை மாதிரி தச்சு வச்சிருக்க?”

ரெக்ஸ் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. தளவாய் தலையைச் சொறிந்தான்.

“அளவு தப்பிட்டு அண்ணாச்சி. மாத்திருதேன்.”

முப்பத்திரண்டு வருஷம் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ரெக்ஸ். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் அந்தப் பழைய கேரவனை, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை எல்லாம் நன்றாகவே இருந்தன. சீட்டும் திரைச்சீலைகளும்தான் உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தன. அவற்றை மாற்றியதும் மனைவி ஜெப்ஸியோடு இந்தியா முழுக்கச் சுற்றுவதாகத் திட்டம்.

பத்து நாள் வேலை. இது ஐந்தாவது மாதம்.

“சீட்டும் ஒரு பக்கமா சாயுது. எல்லாத்தையும் பிரி.”

“நாலாவது தடவை அண்ணாச்சி…”

“பதினாலு தடவை ஆனாலும் பிரிலே!”

தளவாய் பிரிக்கக் குனிந்ததும், ரெக்ஸ் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு கேரவன் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

“கோவப்படாதலே. நீ எப்படித் தச்சாலும் நான் குத்தந்தான் சொல்லுவேன். எனக்கு எங்கயும் போக இஷ்டமில்ல. முப்பத்திரண்டு வருசம் ஆடிக்கிட்டே தூங்குனவன், இப்பத்தான் ஆடாத கட்டில்ல படுக்கேன்.”

“பொறவு எதுக்கு அண்ணாச்சி இதை வாங்குனிய?”

“கப்பல்ல இருந்து போன் போடும்போதெல்லாம் ஜெப்ஸி, ‘நீங்க மட்டும் உலகத்தைச் சுத்துதிய, நான் தூத்துக்குடியத் தாண்டல’ன்னு அழுவா. ரிட்டயர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இப்ப எந்த வாயால மாட்டேன்னு சொல்ல?”

தளவாய் மறுபடி குனிந்து சீட்டுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

“மாதா புண்ணியத்துல நீயும் தைக்கத் தெரியாதவனா வாச்ச!” என்று அவன் தோளைத் தட்டினார் ரெக்ஸ். “ஜெப்ஸிகிட்ட மூச்சு விட்டுராத.”

இருபது வருஷமாக ஆம்னி பஸ்களுக்கு சீட் தைப்பவன் தளவாய். முகம் சுண்டிப்போயிற்று. ரெக்ஸ் சீட்டியடித்துக்கொண்டே கடைத்தெருவுக்கு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும், டீ டம்ளருடன் ஜெப்ஸி வந்தாள்.

“அவுக சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. ரொம்ப ஏசிட்டாகளா தம்பி?”

“விடுங்க அக்கா.”

“மனசுல வச்சுக்கிடாதிய. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதை நெசம்னு நம்பி, ஆசையா இதை வாங்கிட்டு வந்துட்டாக. வேண்டாம்னு சொன்னா முகம் வாடிரும். திருச்செந்தூர் பஸ்ல ஏறினாலே வாந்தி எடுக்கவ, இந்தப் பெட்டிக்குள்ள இந்தியா முழுக்க எப்படிப் போவேன்?”

டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அதனால இந்தத் தடவையும் நான் சொன்ன மாதிரியே அளவைத் தப்பா வெட்டிருங்க!”